வாங்கிய பொறி யாருடையது?

(கடலூரில் நடந்த நம் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழியுரிமை பற்றிப் பேசுவான் என்று எண்ணி வந்திருப்பீர்கள். நான் ஓர் அச்சுப்பொறியைப் பற்றிப் பேசப் போகின்றேன். சிரிக்கின்றீர்கள். சிரியுங்கள். ஆனால், பேசி முடிக்கும்போது இரண்டும் ஒரே பேச்சுத்தான் என்பதை நீங்களே உணர்வீர்கள் என்னும் துணிவோடு தொடங்குகின்றேன்.

பள்ளிகள் திறப்பதற்கு முந்திய காரிக்கிழமை மாலை. (புதிதாக வந்துள்ள தம்பிமார்க்குச் சொல்கின்றேன், சனிக்கிழமையைத்தான் நாம் அப்படிச் சொல்கின்றோம்.) மறுநாள் காலை வீடு வீடாகச் சென்று, பிள்ளைகளைத் தமிழ்வழி வகுப்பில் சேர்க்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்வது என்று முடிவு செய்திருந்தோம். அதற்காக 300 துண்டறிக்கைகள் அச்சிட வேண்டும். நம் கிளை அலுவலகத்தில் ஓர் அச்சுப்பொறி இருக்கின்றது. தொண்டர்கள் கைப்பணம் போட்டு 4,200 உருபாய்க்கு வாங்கியது. அதன் மைப்பேழை தீர்ந்த போதெல்லாம் பேருந்து நிலையத்தருகே உள்ள கடைக்காரர் ஊசியால் மை ஏற்றித் தருவார். நான்கு திங்களாக அந்தப் பேழை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அன்று மாலை கணிப்பொறித் திரையில் ஒரு சிறு கட்டம் தோன்றியது. "புதுப்பிக்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டது. தம்பி ஒருவன் "ஆம்" என்பதை அழுத்திவிட்டான். அவன்மேல் குற்றமில்லை. கேட்டது நல்ல சொல்லாயிற்றே! புதுப்பித்தல் என்றால் எவன் வேண்டா என்பான்? பொறி தானாகவே அணைந்தது, தானாகவே விழித்தது. விழித்தபின் சொன்ன முதற்செய்தி, "இந்த மைப்பேழையை ஏற்க இயலாது" என்பது. அதுவும் ஆங்கிலத்தில்.

பேழை அதே பேழை. மை அதே மை. காலையில் தமிழ் எழுத்தை அழகாக அச்சிட்ட பொறிதான் மாலையில் மறுக்கின்றது. இடையில் நடந்தது என்ன? எங்கோ இருக்கும் ஒரு குழுமம், நம் அறைக்குள் இருக்கும் நம் பொறிக்கு ஓர் ஆணை அனுப்பியிருக்கின்றது. அந்த ஆணைக்கு நம் கையாலேயே, நமக்கு விளங்காத ஒரு மொழியில், இசைவு வாங்கியிருக்கின்றது!

பெட்டியின்மேல் உதவிக்கு ஓர் எண் அச்சிட்டிருந்தார்கள். அழைத்தோம். ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்துக, இந்திக்கு இரண்டை அழுத்துக என்றது ஒரு குரல். நம் தம்பி விடாப்பிடியாக மூன்றை அழுத்தினான். குரல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. மும்முறை அழுத்தினான்; மும்முறையும் அதே விடை. கடைசியில் ஆங்கிலத்துக்கே போனோம். அரைமணி நேரம் இந்திப் பாட்டுக் கேட்டோம். பிறகு ஓர் இளைஞர் வந்தார். பேழையை எடுத்து மறுபடி பொருத்துங்கள் என்றார். பொருத்தினோம். செப்புப் பட்டைகளைத் துணியால் துடையுங்கள் என்றார். துடைத்தோம். பொறியை அணைத்து ஏற்றுங்கள் என்றார். அதையும் செய்தோம். எல்லாம் முடிந்தபின், "நீங்கள் போட்டிருப்பது எங்கள் மை அன்று, எங்கள் மையை வாங்குங்கள்" என்றார். "முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே, தம்பி?" என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் சினமில்லை. கையில் ஒரு தாளைக் கொடுத்து, இதைப் படி என்று உட்கார வைத்திருக்கின்றார்கள். வயிற்றுப் பிழைப்புக்குப் படிக்கின்றார். தொடர்பு அறுந்த மறுநொடியே கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது: உங்கள் சிக்கல் தீர்க்கப்பட்டது என்று!

அந்தக் குழுமத்தின் பெயரைச் சொல்லும்படி முன்வரிசையில் ஓர் அன்பர் கேட்கின்றார். சொல்லமாட்டேன். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை நல்லவை என்று ஆகிவிடும்.

அன்று இரவு நம் தங்கைமாரும் தம்பிமாரும் ஒன்றுகூடிக் கையால் எழுதினார்கள். விடியும்போது 64 தாள்கள் ஆகியிருந்தன. 300 வேண்டிய இடத்தில் 64. நாலாவது தெருவோடு தாள்கள் தீர்ந்துபோயின. திங்கட்கிழமை முழுவிலை கொடுத்துக் குழுமத்தின் கறுப்புப் பேழையையே வாங்கி வந்து பொருத்தினோம். இப்போது பொறி என்ன சொன்னது தெரியுமா? மஞ்சள் மை தீர்ந்துவிட்டது. அதை மாற்றினால்தான் அச்சிடுவேன் என்றது. அச்சிட வேண்டியதோ முழுதும் கறுப்பு எழுத்து! செவ்வாயன்று மஞ்சளும் வாங்கி மிச்சத் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஐந்தாவது தெருவில் ஓர் அம்மையார் தாளைப் படித்துவிட்டுச் சொன்னார்: "நேற்றுத்தானே ஐயா ஆங்கிலப் பள்ளியில் பணம் கட்டினேன். இதை முன்னமே கொடுத்திருக்கக் கூடாதா?" அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அதனால்தான் இங்கே வந்து நிற்கின்றேன்.

அதன்பிறகு இப்பொறியைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்தவற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

மைதெறிப்பு அச்சுப்பொறி நல்லதொரு கண்டுபிடிப்பு. அதை நாம் பழிக்க வேண்டா. 1977-இல் சப்பானியக் கேனன் குழுமத்து ஆய்வாளர் ஒருவர், சூடான பற்றவைப்புக் கோல் மையூசியின்மேல் தற்செயலாகப் பட்டபோது ஊசிமுனையிலிருந்து மை தெறிப்பதைக் கண்டார். அமெரிக்காவின் எச்பி குழுமமும் ஏறத்தாழ அதே காலத்தில் தனித்து அதே வழியைக் கண்டது; 1984-இல் முதற்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மயிரிழையினும் நுண்ணிய துளைக்குப் பின்னால் ஒரு சிறு சூடேற்றி. அது கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கில் சூடாகி மையில் ஒரு குமிழை எழுப்புகின்றது. குமிழ் மைத்துளியைத் தாள்மேல் தள்ளுகின்றது. அவ்வளவுதான். இதில் எந்த மை என்று கேட்கும் வேலை அந்தச் சூடேற்றிக்கு இல்லை. மை ஏற்ற நீர்மையில் இருந்தால் போதும்.

பிறகு கேட்பது யார்? பேழையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சில்லு! நெற்பொரி அளவுள்ள அச்சில்லு, தான் எவர் ஆக்கியது என்பதைப் பொறிக்கு அறிவிக்கின்றது. எத்தனை துளி செலவாயிற்று என்ற கணக்கையும் வைத்துக்கொள்கின்றது. பல பொறிகளில் மை தீர்ந்தது என்று சொல்வது பேழைக்குள் எட்டிப்பார்த்துச் சொல்வதன்று. கணக்குப் பார்த்துச் சொல்வது. கணக்கு முடிந்தால் பேழையில் மை குலுங்கினாலும் "தீர்ந்தது"தான். பொறியை மலிவாக விற்று மையில் முதலை எடுப்பது இவ்வணிகத்தின் ஏரணம். அந்த ஏரணத்துக்குக் காவற்காரன் இச்சில்லு.

இச்சில்லு மைக்கு ஒரு நன்மையும் செய்வதில்லை என்பதற்கு அவர்களே சான்று கொடுத்தார்கள். உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு வந்ததல்லவா? 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கேனன் குழுமம் தன் பெரிய படியெடுப்புப் பொறிகளுக்கான மைத்தூள் பேழைகளைச் சில்லு இல்லாமலே விற்க வேண்டிவந்தது. அப்பொறிகள் தம் குழுமத்துப் பேழையையே "போலி" என்று ஐயுற்றன! அப்போது செருமனியில் இருந்த அதன் கிளை, இந்த எச்சரிக்கையை எப்படித் தள்ளிவிட்டு அச்சிடுவது என்று தானே மக்களுக்கு வழி சொல்லிக் கொடுத்தது. அச்சுத் தரம் குறையாது என்றும் சொல்லியது. பூட்டினவனே, பூட்டு வேண்டியதில்லை என்று வாய்திறந்து சொன்ன நாள் அது.

நமக்கு நேர்ந்தது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2016 செபுதம்பர் 13-ஆம் நாள் உலகின் பல நாடுகளில் எச்பி பொறிகள் ஒரே நாளில் பிறர் பேழைகளை மறுத்தன. முன்பே உள்ளே வைத்திருந்த ஆணை அன்று விழித்துக்கொண்டது. மக்கள் கொதித்தெழுந்தபின் அக்குழுமம், முறையாக அறிவிக்காமைக்கு வருத்தம் தெரிவித்தது; பூட்டை நீக்கும் நிரல் ஒன்றையும் கொடுத்தது. அமெரிக்காவில் தொடுத்த வழக்கில் 15,00,000 தாலர் கொடுத்து இணங்கிப்போயிற்று. 2020-இல் இத்தாலிய நாட்டுப் போட்டி ஆணையம் அதே குழுமத்துக்கு 1 கோடி யூரோ ஒறுப்புத்தொகை இட்டது. வாங்குவோர்க்கு இந்தக் கட்டுப்பாட்டைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதும் அதற்கு ஒரு கரணியம். இந்தச் சொல்லை மறவாதீர்கள்: தெளிவாகச் சொல்லவில்லை! இத்தாலியனுக்கு இத்தாலிய மொழியில் சொன்னதே போதவில்லை என்று அந்நாட்டு ஆணையம் சினந்தது. தமிழனுக்குத் தமிழில் ஒரு வரிகூடச் சொல்லவில்லையே, அதற்கு யார் சினப்பது?

உதவி எண்ணின் கதையையும் கேளுங்கள். 2025 பிப்பிரவரியில் அதே எச்பி குழுமம் பிரித்தானியா, அயர்லாந்து, பிரான்சு, செருமனி, இத்தாலி ஆகிய நாடுகளில் தொலைபேசியில் உதவி கேட்போரை வேண்டுமென்றே 15 நிமையம் காக்க வைத்தது. ஆள் இல்லாமையால் அன்று. காத்துச் சலித்தவன் தொலைபேசியை வைத்துவிட்டு இணையத்துக்குப் போகட்டும் என்பதற்காக! செய்தி வெளியான சில நாள்களிலேயே அதைக் கைவிட்டார்கள். நாம் அரைமணி நேரம் கேட்ட பாட்டு எதனால் நீண்டதோ நான் அறியேன். ஆனால், காக்க வைப்பதே ஒரு கருவியாக முடியும் என்பதை இந்த ஒன்று காட்டுகின்றது.

முறைமன்றம் இல்லையா என்பீர்கள். இருக்கின்றது. அமெரிக்காவில் இலெக்சுமார்க்கு என்றொரு அச்சுப்பொறிக் குழுமம். தன் பேழைகளை மறுபடி நிரப்பி விற்றவர்மேல் காப்புரிமை வழக்குத் தொடுத்தது. 2017 மே 30-ஆம் நாள் அந்நாட்டு உச்ச முறைமன்றம், ஒரு பொருளை விற்ற அளவிலேயே அதன்மேல் விற்றவனுக்கு உள்ள காப்புரிமை தீர்ந்துவிடுகின்றது என்று தீர்ப்பளித்தது. பழைய மகிழுந்துகளைப் பழுதுபார்த்து விற்கும் கடையைத் தலைமை நடுவர் எடுத்துக்காட்டினார். உதிரிப்பொருள் ஒவ்வொன்றையும் ஆக்கியவன் வந்து வழக்குத் தொடுக்கலாம் என்றால் அக்கடை நடக்குமா என்பது கேள்வி. நல்ல தீர்ப்பு. ஆயினும் ஒரு குறை உண்டு. வழக்குத் தொடுக்கக் கூடாது என்றுதான் அத்தீர்ப்புச் சொல்கின்றது. சில்லு வைத்துப் பூட்டக் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே சட்டத்தால் இழந்ததைச் சில்லால் மீட்டுக்கொள்கின்றார்கள்.

தோழர்களே! அச்சுக்கலை நமக்குப் புதிதன்று. 1578-இலேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சாயிற்று. தரங்கம்பாடிக்கு வருவோம். 1713 அளவில் செருமனியிலிருந்து அங்கு வந்த தமிழ் எழுத்துகள் அளவிற் பெரியனவாக இருந்தன, தாளை விழுங்கின. அங்கிருந்தோர் என்ன செய்தார்கள்? பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள் என்பது வரலாறு. பக்கத்தில் பொறையாற்றில் தாளாலையும் அமைத்தார்கள். அவர்கள் வந்தது தம் சமயம் பரப்ப. அது வேறு பேச்சு. நான் சொல்ல வருவது, அந்த அச்சுப்பொறி அவர்களைத் தடுக்கவில்லை என்பதே. "இது எங்கள் ஈயம் அன்று" என்று சொல்லவில்லை. அரசுதான் பின்னாளில் தடுத்தது. உரிமம் வேண்டும் என்ற கட்டுப்பாடு 1835-இல் நீங்கிய பிறகே நம்மவர் அச்சகங்கள் பெருகின. அன்று அரசு கேட்ட உரிமத்தை இன்று பேழையின் ஓரத்துச் சில்லு கேட்கின்றது.

சிவகாசிக்குச் சென்று பாருங்கள். கோடிக்கணக்கில் விலையுள்ள மறுதோன்றிப் பொறிகள் ஓடுகின்றன. எந்த ஊர் மையை ஊற்றினாலும் அச்சிடுகின்றன. முதலாளி தரம் பார்த்து, விலை பார்த்து வாங்குகின்றார். கோடி கொடுத்தவனிடம் வாலாட்டாத பொறி நாலாயிரம் கொடுத்தவனிடம் ஆட்டுகின்றது! எளியவன் வீட்டுப் பொறிக்குத்தான் இந்தப் பூட்டு.

இனி நம்மைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மூன்றாண்டுக்கு முன் இதே கூட்டத்தில் "காட்ரிட்சு" என்பதற்குத் தமிழ்ப்பெயர் எது என்று ஒரு மாலை முழுதும் வழக்காடினோம். மைப்பேழை என்றார் ஒருவர். மைக்கூடு என்றார் மற்றொருவர். மைக்கலன் என்று நான் சொன்னேன், தோற்றேன். அது வேண்டிய வேலைதான். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேழைக்குள் ஒரு பூட்டு இருக்கின்றது என்று அன்று நம்மில் ஒருவர்க்கும் தெரியவில்லை. பெயர் வைத்தோம், பொருளைத் திறந்து பார்க்கவில்லை. புதுப்பிக்கலாமா என்று அது ஆங்கிலத்தில் கேட்டபோது நம் தம்பி ஆம் என்றதற்கு அந்த மாலையில் வந்திருந்த நாம் எல்லாரும் பொறுப்பாளிகள்.

பெட்டியில் தமிழ் இல்லாமைக்கு வேறொரு வேர் இருக்கின்றது. பொதியப்பட்ட பண்டங்களுக்கான 2011-ஆம் ஆண்டு நடுவண் அரசு விதிகளைப் பாருங்கள். பொதியின்மேல் எழுத வேண்டியவை தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்பது விதி. பிற மொழிகளைக் கூடுதலாக எழுதிக்கொள்ளத் தடையில்லை என்று ஒரு வால் வைத்திருக்கின்றார்கள். அஃதாவது, தமிழ்நாட்டில் தமிழனுக்கு விற்கும் பொருளில் இந்தி மட்டும் இருந்தால் சட்டப்படி சரி. தமிழ் மட்டும் இருந்தால் குற்றம்! தமிழ் அங்கே உரிமையாக இல்லை; ஒட்டுத்துணியாக இருக்கின்றது. ஆகவே மூன்றை அழுத்தியவனை அந்தக் குரல் மறுபடி ஒன்றுக்கும் இரண்டுக்கும் துரத்தியதில் வியப்பென்ன?

செய்யத்தக்கவை சில உண்டு. அச்சுப்பொறியில் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டை நிறுத்தி வையுங்கள். இணையத் தொடர்பு இல்லாமல் கம்பி வழியாகவே அச்சிடலாம். புதிதாக வாங்குவோர் மைத்தொட்டி வைத்த பொறியை வாங்குங்கள். விலை கூடுதல், ஆனால் குப்பியிலிருந்து மையை ஊற்றிக்கொள்ளலாம். அந்தப் பொறி பிறந்த கதை எனக்குப் பிடித்த கதை. இந்தோனேசியாவில் எளிய கடைக்காரர்கள் பேழைப் பொறிகளில் தாமே குழாய் பொருத்தி வெளியே மைக்குப்பி வைத்து ஓட்டினார்கள். தடுத்துப் பார்த்தும் இயலாமல், 2010-இல் எப்சன் குழுமமே அத்தகைய பொறியை அந்நாட்டில்தான் முதலில் விற்கத் தொடங்கியது. குழுமத்தை வழிக்குக் கொண்டுவந்தவர்கள் அறிஞர்கள் அல்லர். குழாயும் ஊசியும் வைத்திருந்த கடைக்காரர்கள்! நம் பேருந்து நிலையத்துக் கடைக்காரரை நான் அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கின்றேன்.

அடுத்தது சட்டம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புச் சட்டப்படி, வாங்கியவன் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். 5,00,000 உருபா வரை விலை கொடுத்த பொருளாயின் முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் தானே நின்று பேசலாம். ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று நெருக்குவதைக் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்று அச்சட்டம் சொல்கின்றது. நம் மைப்பேழைக்கு அது பொருந்தும் என்பது என் வழக்கு. பொருந்தாது என்று அவர்கள் சொல்லட்டும், கேட்போம். 1915 என்ற எண்ணை அழைத்தால் தமிழிலும் முறையிடலாம். அங்கே மூன்றை அழுத்தினவனைத் துரத்தமாட்டார்கள் என்று நம்புகின்றேன்.

நம் கிளை சார்பில் அந்தக் குழுமத்துக்குத் தமிழில் ஒரு மடல் எழுதிப் பதிவஞ்சலில் விடுத்தோம். மூன்று கேட்டிருக்கின்றோம். பேழையைப் பூட்டும் செய்தியைப் பெட்டியின்மேல் தமிழில் அச்சிடுக. புதுப்பிக்குமுன் என்ன மாறும் என்பதைத் தமிழில் சொல்லிக் கேட்க. உதவி எண்ணில் தமிழுக்கு ஓர் எண் வைக்க. இதுவரை வந்தது ஆங்கிலத்தில் ஒரே வரி: உங்கள் மடல் கிடைத்தது என்று. முப்பது நாள் பார்ப்போம். பிறகு மாவட்ட ஆணையத்தில் முறையீடு பதிவாகும். பற்றுச்சீட்டும், பொறி மறுத்த நாளும் கையில் இருப்பவர்கள் கூட்டம் முடிந்தவுடன் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பற்றுச்சீட்டைத் தொலைத்தவர்கள் பெட்டியையாவது எறிந்துவிடாமல் வையுங்கள். இம்முறை துண்டறிக்கை அச்சிட அந்தப் பொறியை நம்பவில்லை. மறுதோன்றி அச்சகத்தில் கொடுத்திருக்கின்றோம், வெளியே போகும்போது ஆளுக்குப் பத்துத் தாள் எடுத்துச் செல்லுங்கள். ஐந்தாவது தெருவிலிருந்து தொடங்க வேண்டும்.